கார் பானெட்டில் முட்டையிடும் தட்டான்கள்: இவை எங்கிருந்து வருகின்றன?

ஏரிக்கரைவாசி | அக்டோபர் 19, காலை 8:10

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியை ஒட்டி எங்கள் வீடு. ஜூலையில் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஆகஸ்டில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. போன வாரம் இரண்டு நல்ல மழை. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை, அதற்குள் தட்டான் கூட்டம் வந்துவிட்டது.

என் குழப்பம் இரண்டு. நேற்று காரைக் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தினேன். கறுப்புக் கார். இரண்டு தட்டான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே பறந்து வந்து, பின்னால் இருந்தது பானெட் மேல் வாலைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ரவையைவிடச் சின்னதாக வெளிறிய முட்டைகள். ஐம்பது அடியில் ஏரித் தண்ணீர் இருக்கும்போது தகரத்தில் முட்டையிடுவானேன்?

அப்புறம், நான்கு மாதம் காய்ந்து கிடந்த ஏரிக்கு இத்தனை பூச்சி எங்கிருந்து வந்தது? மண்ணுக்குள் இருந்ததா, பறந்து வந்ததா?

சைக்கிள்காரன் | அக்டோபர் 19, காலை 8:31

காரை அவ்வளவு பளபளப்பாகக் கழுவினால் இப்படித்தான். என் வண்டியில் ஒரு கொசுகூட உட்காராது.

விலங்கியல்_வாத்தியார் | அக்டோபர் 19, காலை 9:45

சைக்கிள்காரர் விளையாட்டாகச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கழுவியதுதான் காரணம்.

தட்டானுக்குத் தண்ணீர் என்பது ஈரமும் அல்ல, நீலமும் அல்ல. கிடைமட்டமாக அதிரும் ஒளி, அவ்வளவுதான். வெயில் தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகிறது. பிளஸ் டூ இயற்பியலில் தளவிளைவு என்று படித்திருப்பீர்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது, தண்ணீர்ப் பூச்சிகளின் கண்ணுக்குத் தெரியும். மல்லாந்து நீந்தும் நோட்டோனெக்டா என்ற பூச்சி இப்படித்தான் குளத்தைக் கண்டுபிடிக்கிறது என்பதை 1980-களில் ருடால்ஃப் ஷ்விண்ட் காட்டினார். தட்டான், நீர்வண்டு, சிறகு முளைத்தபின் ஒரு நாள் மட்டுமே வாழும் மேஃபிளை எல்லாம் இதே கூட்டம்.

வழவழப்பான கறுப்பு பெயிண்டும் அதே மாதிரி ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது, சில சமயம் குளத்தைவிடச் சுத்தமாக. கலங்கலான ஏரித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒளியில் எல்லாத் திசை அதிர்வும் கலந்திருக்கும். கறுப்பு பெயிண்டுக்குள்ளிருந்து எதுவும் வருவதில்லை. ஆகவே உங்கள் தட்டானின் கணக்கில் ஏரி சுமாரான குளம், உங்கள் கார் அருமையான குளம்.

ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் என்பவரின் குழு இதற்காகவே பல ஆண்டு செலவழித்திருக்கிறது. காய்ந்த தார்ச் சாலையில் மேஃபிளைகள் முட்டையிடுவதை 1998-இல் எழுதினார்கள். சிவப்பும் அடர்நிறமும் கொண்ட கார்களைப் பூச்சிகள் தேடி வருவது 2006-இல். கல்லறைத் தோட்டத்தில் பளபளக்கும் கறுப்புக் கல்லைத் தட்டான் ஆண்கள் காவல் காத்தது 2007-இல். பாவம், கல்லறையைக் குளம் என்று நம்பி எல்லை பிரித்துச் சண்டை போட்டிருக்கின்றன.

போலராய்ட் கண்ணாடி இருந்தால் நீங்களே பார்க்கலாம். அதைப் போட்டுக்கொண்டு பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள், தலையை மெதுவாகப் பக்கவாட்டில் சாயுங்கள். பளபளப்பு ஏறி இறங்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக் காரில் அந்த அளவுக்குத் தெரியாது.

பெயிண்ட்_பட்டறை | அக்டோபர் 19, மதியம் 1:20

தோழர், முதலில் அந்த முட்டையைத் துடையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பானெட்டில் பொட்டுப் பொட்டாக அரிப்போடு கார்கள் வரும். பறவை எச்சம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரேசிலில் வேதியியல்காரர்கள் 2000 வாக்கில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வெயிலில் பானெட் எழுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது முட்டை ஓட்டிலிருக்கும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் சிதைந்து ஒரு வலுவான அமிலமாக மாறுகிறது. அது மேல்பூச்சைத் தின்றுவிடுகிறது, அமில மழை பட்ட மாதிரி. அன்றே ஈரத்துணியால் துடைத்தால் தப்பிக்கும். காய்ந்தபின் சுரண்டினால் கீறல்தான் மிச்சம்.

ஏரிக்கரைவாசி | அக்டோபர் 19, மதியம் 2:05

துடைத்துவிட்டேன். மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சார், இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. பானெட்டுக்கு வந்த ஜோடியில் முன்னால் இருந்த ஆண் ஏன் கடைசிவரை பெண்ணின் கழுத்தை விடவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

விலங்கியல்_வாத்தியார் | அக்டோபர் 19, இரவு 9:15

கழுத்துக் கதையை முதலில் முடிக்கிறேன். 1979-இல் ஜோனதன் வாகே என்பவர் அமெரிக்காவில் ஓடைக்கரை ஊசித்தட்டான் ஒன்றை ஆராய்ந்தார். அந்த ஆணின் உறுப்பு விந்தைச் செலுத்துவதற்கு மட்டும் இல்லை. பெண்ணுக்குள் முன்பு வேறோர் ஆண் விட்டுப்போன விந்தை வழித்து எடுப்பதற்கும்தான். 88 முதல் 100 சதவீதம்வரை வெளியே வந்துவிடுகிறது. இது தெரிந்தபின் ஆணின் பயம் புரியும். தான் விட்டதும் இன்னொருவன் வந்து தன்னுடையதை வழித்துவிடுவான். அதனால் முட்டையிட்டு முடியும்வரை சில இனங்கள் பிடித்துக்கொண்டே பறக்கும், சில இனங்கள் மேலே வட்டமடித்துக் காவல் இருக்கும். காதல் என்று கவிதை எழுத அதில் ஒன்றும் இல்லை, சொத்துத் தகராறு.

இனி உங்கள் கூட்டம். பழுப்பு மஞ்சள் உடம்பு, அடிப்பக்கம் அகன்ற பின்சிறகு, உட்காரவே உட்காராமல் தலைக்கு மேல் மிதந்துகொண்டே இருந்தால் அது பந்தாலா ஃபிளேவசென்ஸ். உட்கார்ந்தால் கிளையில் செங்குத்தாகத் தொங்கும். அது உங்கள் ஏரிக்காரன் இல்லை. மழையோடு வந்தவன்.

அலைகடல்_மாலே | அக்டோபர் 20, காலை 7:02

நான் மாலத்தீவில் வேலை பார்க்கிறேன். இந்தத் தட்டான் இங்கே வருடா வருடம் அக்டோபரில் வரும். ஒரு நாள் காலையில் படகுத்துறையில் திடீரென்று நூற்றுக்கணக்கில் நிற்கும். நவம்பர், டிசம்பரில் கூட்டம் இன்னும் பெருகும், பிறகு குறைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் இங்கே குளம், ஏரி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. பவழத் தீவு, மழைநீர் மணலில் இறங்கிவிடும். அப்படியானால் இங்கே பிறந்தவை அல்ல.

இங்கேயே குடியிருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் வருகைத் தேதிகளைப் பல ஆண்டுகள் குறித்து வைத்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியாவில் முதலில், பிறகு மாலே, பிறகு தெற்குத் தீவுகள், நவம்பரில் சீஷெல்ஸ், அதற்கப்புறம் கிழக்கு ஆப்பிரிக்கா என்று வரிசையாக வருகின்றன. ஒரு தலைமுறை போய்த் திரும்புவதில்லை. நான்கு தலைமுறை சேர்ந்து ஒரு சுற்று, 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்.

சந்தேகப்பேர்வழி | அக்டோபர் 20, காலை 10:40

மன்னிக்கவும், நம்ப முடியவில்லை. இந்தியாவிலிருந்து மாலத்தீவு 500 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கடல். அக்டோபரில் அங்கே காற்று மேற்கிலிருந்து வீசும், அதாவது எதிர்க்காற்று. ஒரு பூச்சியையாவது யாராவது அடையாளம் போட்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பின்தொடர்ந்தார்களா? கப்பலில் ஏறி வந்தவையாக இருக்கும்.

விலங்கியல்_வாத்தியார் | அக்டோபர் 20, மாலை 6:30

நியாயமான கேள்வி. சான்று துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாத் துண்டும் ஒரே பக்கம் காட்டுகிறது.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரை மட்டத்தில் எதிர்க்காற்று என்பது சரி. ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் அந்தப் பருவத்தில் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. நம்முடைய வடகிழக்குப் பருவமழையைக் கொண்டுவரும் அதே மாற்றம் தெற்கே நகர்ந்து போகிறது, தட்டான் அதன் முதுகில் போகிறது. போய் இறங்கும் இடத்தில் மழையும் தயாராக இருக்கும். இவை இமயத்தில் 6,000 மீட்டருக்கு மேலும் தென்பட்டிருக்கின்றன, ஆயிரம் மீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து சிறகு. தட்டான் லார்வா, அதாவது தண்ணீருக்குள் வாழும் அதன் குஞ்சு, தான் வளர்ந்த தண்ணீரிலிருந்துதான் சிறகைக் கட்டுகிறது. மழைநீரில் கன ஹைட்ரஜனின் (எடை கூடிய ஹைட்ரஜன் அணு) அளவு இடத்துக்கு இடம் மாறும். சிறகு ஒருமுறை உருவானபின் மாறாது. அதாவது பிறந்த ஊர்த் தண்ணீரைக் கடைசிவரை சுமந்து திரிகிறது. மாலத்தீவில் பிடித்தவற்றின் சிறகை 2012-இல் சோதித்தபோது அவை வட இந்தியாவிலும் அதற்கு வடக்கேயும் பிறந்தவை என்று தெரிந்தது. 2016-இல் பல கண்டங்களிலிருந்து எடுத்த மரபணுவை ஒப்பிட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் போல அவ்வளவு ஒற்றுமை. கப்பலில் நாலு பூச்சி ஏறி இறங்கினால் அது நடக்காது.

அடையாளம் போடுவதில் ஒரு சிக்கல். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அனாக்ஸ் ஜூனியஸ் என்ற பெரிய தட்டான்கள் பதினான்கின் உடம்பில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் ஒட்டி, விமானத்தில் பின்தொடர்ந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு இரவு குளிர் கூடினால் மறுநாள் தெற்கே கிளம்புகின்றன என்று கண்டார்கள். அந்த டிரான்ஸ்மிட்டரின் எடை 0.3 கிராம். நம் பந்தாலாவின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். தன் எடைக்குச் சமமாக மூட்டை தூக்கிக்கொண்டு கடலைத் தாண்டச் சொல்வது அநியாயம்.

சந்தேகப்பேர்வழி | அக்டோபர் 20, இரவு 7:12

சிறகு விஷயம் வலுவாக இருக்கிறது. கப்பலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஏன் இவ்வளவு பாடு? ஒரு நல்ல ஏரியைப் பார்த்து அங்கேயே இருந்துவிட வேண்டியதுதானே?

விலங்கியல்_வாத்தியார் | அக்டோபர் 20, இரவு 8:50

நல்ல ஏரியில் மீன் இருக்கும். கெளுத்தியும் விராலும் லார்வாவை விட்டுவைக்காது. புதுசாக நிரம்பிய குட்டையில் மீன் இல்லை, மற்ற தட்டான் லார்வாவும் இல்லை, ஆனால் கொசுப்புழுவும் தலைப்பிரட்டையும் நிறைய. சாப்பாடு உண்டு, எதிரி இல்லை. தண்ணீர் வற்றுவதற்குள் ஓடிவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பந்தாலா லார்வா 38 முதல் 65 நாளுக்குள் முட்டையிலிருந்து பறக்கும் தட்டானாகிவிடும். வேறு பல இனங்களுக்குப் பல மாதமாகும், குளிர்நாடுகளில் வருடக்கணக்கில்கூட. நம் வடகிழக்குப் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர்வரை என்றால், ஒரு குட்டையின் ஆயுளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

மண்ணுக்குள் காத்திருப்பவையும் உலகில் உண்டு. நைஜீரியப் பாறைக்குழிகளில் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்ற கொசு மாதிரிப் பூச்சியின் புழு, உடம்பில் மூன்று சதவீத ஈரம் மிஞ்சும்வரை காய்ந்து சருகாகி, தண்ணீர் பட்டதும் எழுந்து நீந்தும். 17 ஆண்டு உலர்ந்து கிடந்த புழு பிழைத்திருக்கிறது. உங்கள் ஏரியில் முதல் வாரம் காண்பவை பெரும்பாலும் சிறகு பிடித்து வந்தவை.

கண்மாய்க்காரன் | அக்டோபர் 21, காலை 6:15

வணக்கம் ஐயா. சிவகங்கைப் பக்கம். எங்கள் ஊரில் ஏரி கிடையாது, கண்மாய்தான். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று அப்பத்தா சொல்லும். சின்னப்பிள்ளையில் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட பாவமும் உண்டு. இப்போது கேட்க வந்தது வேறு.

முதல் மழைக்குப் பிறகு டீக்கடை விளக்கடியில் விரல் நீளத்துக்குத் தட்டையான பழுப்புப் பூச்சி வந்து விழும். கடித்தால் அலற வேண்டியதுதான். அதே சாடையில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வயல் தண்ணீரில் இருக்கும், முதுகு நிறைய முட்டையோடு. தாய்ப்பூச்சி முட்டையைச் சுமக்கிறது என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானா?

விலங்கியல்_வாத்தியார் | அக்டோபர் 21, காலை 10:20

தம்பி, மகனிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். அது தாய் இல்லை, தகப்பன்.

பெரியது லெத்தோசெரஸ் இண்டிகஸ். தாய்லாந்தில் சந்தையில் வாங்கி இடித்து மிளகாய்த் துவையலில் சேர்ப்பார்கள். சின்னது டிப்ளோனிகஸ். பெண் வந்து ஆணின் முதுகில் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் முட்டை பொரியும்வரை தண்ணீர் மட்டத்துக்கு வந்து காற்று காட்டி, முதுகை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொள்ளும். அந்தச் சுமையோடு சிறகை விரிக்க முடியாது. அதாவது தகப்பனாக இருக்கும்வரை அவன் பறக்க முடியாதவன்.

அடுத்தவன் பிள்ளையைச் சுமக்க மாட்டான் என்பதையும் உறுதி செய்துகொள்கிறான். இதன் அமெரிக்க உறவான அபேடஸ் பூச்சியை 1970-களில் ராபர்ட் ஸ்மித் ஆராய்ந்தார். ஆண் முதலில் புணராமல் ஒரு முட்டையைக்கூட ஏற்பதில்லை, சில முட்டை ஒட்டியதும் மறுபடி புணர்ச்சி, மறுபடி சில முட்டை.

லெத்தோசெரஸ் ஆண் வேறு மாதிரி. தண்ணீருக்கு மேல் நிற்கும் தண்டில் பெண் முட்டையிடும், ஆண் ராத்திரியில் ஏறி ஏறி முட்டையை நனைக்கும். ஜப்பானில் இதன் உறவு ஒன்று உண்டு. அதில் வேறொரு பெண் வந்து அந்த முட்டைகளைக் குத்தி அழித்துவிட்டு, காவல் இருந்த ஆணோடே சேர்ந்து தன் முட்டையை இடுகிறாள்.

டீக்கடை விளக்கில் விழுவது, புதுத் தண்ணீர் தேடி இருட்டில் பறக்கும்போது வழி தவறியவை.

தட்டான் தாழ்வது பற்றி என் கணிப்பு இதுதான்: மழைக்கு முன் கொசுவும் சிறு பூச்சிகளும் கீழே இறங்குகின்றன, இரை இறங்கினால் தட்டானும் இறங்கும். அப்பத்தா பார்த்தது சரி.

பனியூரான் | அக்டோபர் 21, மதியம் 12:45

வாத்தியார் சொன்ன பறப்பா, பிள்ளையா என்ற பேரம் நான் இருக்கும் பின்லாந்தில் வேறு உருவம் எடுக்கிறது. தண்ணீர் மேல் ஓடும் நீளக்கால் பூச்சி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இங்கே அதன் ஒரே இனத்திலேயே நீளச் சிறகும் குட்டைச் சிறகும் உண்டு. காரி வெப்சலைனன் என்பவர் 1970-களில் இதை விரிவாக எழுதினார். பகல் நீண்டுகொண்டே போகும் நாட்களில் வளரும் குஞ்சு குட்டைச் சிறகோடு வளர்ந்து அந்தக் கோடையிலேயே முட்டையிடும். பகல் குறையத் தொடங்கியபின் வளர்வது நீளச் சிறகு பெற்று, முட்டையைத் தள்ளிப்போட்டு, கரையேறிப் பனிக்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில் குளத்துக்குப் பறந்து வரும். வந்து சேர்ந்ததும் பறக்கும் தசையையே கரைத்து முட்டைக்குச் சத்தாக்கிக்கொள்கிறவையும் உண்டு. வீடு கட்ட வண்டியை விற்ற மாதிரி.

இங்கே தீர்மானிப்பது பகலின் நீளமும் குளிரும். அங்கே தண்ணீர் மட்டும்தான் என்று தோன்றுகிறது.

மாடித்தோட்டம் | அக்டோபர் 22, காலை 9:00

அண்ணா, எல்லாம் சரி. என் மாடியில் தாமரைத் தொட்டி வைத்த எட்டாம் நாளே மல்லாந்து நீந்தும் பூச்சி வந்துவிட்டது. மூன்றாவது மாடி! டெங்கு பார்க்க வந்தவர்கள் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். தட்டான் வந்து முட்டையிட்டால் கொசு ஒழிந்துவிடும் என்று வாட்ஸப்பில் படித்தேன். காத்திருக்கலாமா? தட்டான் ஒரு நாள்தான் உயிரோடிருக்கும் என்றும் அதில் இருந்தது.

விலங்கியல்_வாத்தியார் | அக்டோபர் 22, காலை 11:35

அம்மா, ஒரு நாள் கணக்கு மேஃபிளைக்கு உரியது. அதற்கு வாயே வேலை செய்யாது. தட்டான் சிறகு முளைத்தபின் வாரக்கணக்கில் வாழும்.

கொசு விஷயத்தில் வாட்ஸப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் ஒரு வாரம் பத்து நாளில் புழுவிலிருந்து கொசுவாகிவிடும். தட்டான் அங்கெல்லாம் முட்டையிட வராது, வந்தாலும் லார்வா பெரிதாவதற்குள் கொசு பறந்துவிடும். மனிதர் கையால் கொண்டுபோய் விட்டால் கதை வேறு. ரங்கூனில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் சிவப்புத் தட்டானின் வளர்ந்த லார்வாக்களை விட்டுப் பார்த்தார்கள், தட்டான் ஆய்வில் பெரும்புள்ளியான ஃபிலிப் கார்பெட்டும் அதில் ஒருவர். 1990-இல் முடிவு வெளியானது. ஏடிஸ் நன்றாகவே குறைந்தது. நம் ஊரிலும் அதே இனம் இருக்கிறது, குரோகோதெமிஸ் செர்விலியா. ஆனால் ஒவ்வொரு தொட்டிக்கும் லார்வா வளர்த்துக் கொடுக்க ஆள் வேண்டும். தாமரைத் தொட்டியில் நாலு கப்பி மீன் விடுங்கள், சிரட்டையைக் கவிழ்த்துவிடுங்கள். கப்பியைக் கொண்டுபோய் ஏரியில் மட்டும் கொட்ட வேண்டாம்.

ஏரிக்கரைவாசி | அக்டோபர் 24, மாலை 5:50

சின்னச் சோதனை ஒன்று தொடங்கியிருக்கிறேன். காருக்கு வெளிர்சாம்பல் நிறத் துணி உறை போட்டாயிற்று. உறை மேல் ஒரு தட்டானும் இறங்கவில்லை. கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வைத்து இன்று காலை தண்ணீர் நிரப்பினேன், கொசுவலை போடவில்லை. பதினொன்றரை மணிக்கு ஒரு ஜோடி வந்து ஆறேழு முறை வாலைத் தொட்டுவிட்டுப் போனது. போலராய்ட் கண்ணாடியில் தொட்டியும் பானெட்டும் ஒரே மாதிரி மின்னி மங்குகின்றன, சார் சொன்னது அச்சு அசல்.

மாடித்தோட்டம் | அக்டோபர் 24, இரவு 8:05

கொசு வந்தால் அக்கம்பக்கம் திட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைவாசி | டிசம்பர் 6, காலை 7:25

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். முதல் இரண்டு வாரம் கொசுப்புழு வந்தது உண்மை, டீ வடிகட்டியால் தினமும் அள்ளினேன். மூன்றாவது வாரத்திலிருந்து அள்ள எதுவும் இல்லை. அடியில் தட்டையாக, பச்சையும் பழுப்புமாக ஏழெட்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று தின்றதோ என்னவோ, கடைசியில் மூன்றுதான்.

இன்று காலை தொட்டிக்குள் ஊன்றியிருந்த மூங்கில் குச்சியில் ஓர் உலர்ந்த தோல், முதுகு பிளந்து, நகம் குச்சியைப் பிடித்தபடி. பக்கத்திலேயே இன்னும் நிறம் ஏறாத தட்டான், சிறகு கண்ணாடிக் காகிதம் மாதிரி. எட்டு மணிக்குள் போய்விடும் போலிருக்கிறது. தண்ணீர் ஊற்றி 43 நாள்.

அலைகடல்_மாலே | டிசம்பர் 6, காலை 7:40

அனுப்பி வையுங்கள். இங்கே துறையில் இன்னும் கூட்டம் இருக்கிறது.

விலங்கியல்_வாத்தியார் | டிசம்பர் 6, காலை 8:02

தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தலைப்பக்கம் கீழ்வாயும் வால்நுனி முள்ளும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பந்தாலாதானா என்று பார்த்துவிடலாம்.